வாசகர் கேள்வி பதில்: சிங்கப்பூர்ச் சம்பளமும் சுங்கை சிப்புட் கணக்கும்

இம்மாதம் வந்த கடிதங்களில் மூன்று சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்தவை. மூன்றும் ஒரே பொருளைப் பற்றியவை என்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் ரிங்கிட்டையும் வெள்ளி என்கிறோம், சிங்கப்பூர்ப் பணத்தையும் வெள்ளி என்கிறோம். இந்தக் குழப்பத்தால் கணக்கில் ஏமாந்த குடும்பங்களை நான் அறிவேன். ஆகவே இந்தப் பக்கங்களில் வெள்ளி என்று வரும் இடமெல்லாம் சிங்கப்பூர் வெள்ளி. நம் பணம் ரிங்கிட் மட்டுமே.

கேள்வி: என் கணவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், நான் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியவள். எங்கள் மூத்த மகனுக்கு வயது 24. மின்னியலில் டிப்ளோமா முடித்து, ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் 2,600 ரிங்கிட் சம்பளத்தில் இருக்கிறான். சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் மாதம் 3,400 வெள்ளி தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. தங்குமிடம் அவர்கள் தரவில்லை. “பத்தாயிரத்துக்கு மேல் சம்பளம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?” என்று உறவினர்கள் சொல்கிறார்கள். “போனவன் எல்லாம் வீடு கட்டினானா?” என்று என் கணவர் கேட்கிறார். அங்கே செலவு எவ்வளவு ஆகும்? மாதம் எவ்வளவு மிஞ்சும்? அனுப்பலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அனுப்பலாம், அம்மா. ஆனால் உறவினர்கள் சொல்லும் அந்தப் பத்தாயிரத்துக்காக அனுப்பாதீர்கள். அப்படி ஒரு தொகை உங்கள் மகனின் கைக்கு ஒரு நாளும் வரப்போவதில்லை. 3,400 வெள்ளியை அவர் சிங்கப்பூரில்தான் வாங்குகிறார், அதில் பாதிக்கு மேல் சிங்கப்பூரிலேயே செலவழிக்கவும் போகிறார். அங்கேயே செலவாகும் பணத்தை ரிங்கிட்டாகப் பெருக்கிப் பார்ப்பதில் பொருளில்லை. செலவெல்லாம் போக மிஞ்சுவதை மட்டுமே பெருக்க வேண்டும்.

இந்தத் தவற்றை நம்மவர்கள் அதிகம் செய்வதற்குக் காரணம் தோட்ட வாழ்க்கை என்பது என் எண்ணம். தோட்டத்தில் சம்பளம் சிறியதுதான். ஆனால் லயத்து வீடு வேலையோடு சேர்ந்தே வந்தது. வாடகை என்ற சொல்லை நம் பெற்றோர்கள் வீட்டுக்கணக்கில் எழுதியதே இல்லை. கடையில் பற்று எழுதிய அரிசி பருப்பு மட்டுமே அவர்களுக்குச் செலவு. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நாம் சம்பளம் என்ற ஓர் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு முடிவெடுத்துவிடுகிறோம். சிங்கப்பூரிலோ செலவின் பெரும்பகுதியே தலைக்கு மேலிருக்கும் கூரைக்குத்தான்.

நாணய மாற்று பற்றியும் ஒரு வரி. 1973 வரை இரண்டு நாட்டுப் பணமும் ஒன்றுக்கு ஒன்றாக மாறின, “அந்தக் காலத்தில் சிங்கப்பூருக்குப் போய் என்ன லாபம்?” என்று பெரியவர்கள் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு வெள்ளி மூன்றரை ரிங்கிட்டைத் தாண்டியது, பிறகு இறங்கியது. நான் இங்கே 3.2 என்று வைத்துக் கணக்கிடுகிறேன். நீங்கள் இதைப் படிக்கும் நாளில் அது மாறியிருக்கலாம் என்பதால், வங்கிக் கடனோ வீட்டுத் தவணையோ இந்த எண்ணை நம்பி எடுக்க வேண்டாம்.

இனிக் கூரைக்கு வருவோம். உங்கள் மகன் தனி வீடு எடுப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை என்பதே பொருத்தமான கணக்கு. உட்லண்ட்ஸ், யீஷூன், ஜூரோங் போன்ற புறநகர்களில் ஒரு சாதாரண அறைக்கு ஏறக்குறைய 700 முதல் 1,100 வெள்ளி வரை கேட்பார்கள். குளியலறையோடு கூடிய பெரிய அறை அதற்கும் மேலே போகும். வேலை இடத்துக்கு அருகில் என்று நகர நடுவில் தேடினால் அறை சிறுக்கும், வாடகை பெருக்கும். வீவக வீடுகளில் வாடகை ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதத்துக்கு இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்றிரண்டு மாதத்துக்கு என்று யாராவது மலிவாகத் தந்தால், அந்த ஏற்பாட்டில் ஏதோ சரியில்லை என்று பொருள். நம்மவர்களுக்கு இருக்கும் ஒரு சிறு வசதியையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வட்டாரத்திலும் வெளிநாட்டவருக்கு முழுதாக வாடகைக்கு விடக்கூடிய வீவக வீடுகளுக்கு வரம்பு உண்டு, ஆனால் மலேசியர்கள் அந்த வரம்புக்குள் சேர்க்கப்படுவதில்லை.

அறை பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் சமையலறையைக் கேட்கச் சொல்லுங்கள். “சமைக்கக் கூடாது” என்ற நிபந்தனையோடுதான் பல அறைகள் வாடகைக்கு வருகின்றன. “லேசாகச் சமைக்கலாம்” என்றால் மெகி மீயும் முட்டையும் என்று பொருள், மீன் குழம்பு என்று பொருள் அல்ல. சமைக்க முடியாத அறை மாதம் 100 வெள்ளி மலிவாக இருந்தாலும், அந்த 100 வெள்ளியும் அதற்கு மேலும் உணவங்காடியில் போய்விடும்.

உணவங்காடியில் ஒரு வேளைச் சாப்பாடு 4 முதல் 6 வெள்ளிக்குள் கிடைக்கும். காலையில் பரோட்டா, கோப்பி என்று சேர்த்தால் மூன்று வேளைக்கு நாளொன்றுக்கு 16 வெள்ளி, மாதத்துக்கு ஏறக்குறைய 500. குளிர்சாதனக் கடைத்தொகுதியில் உட்கார்ந்து சாப்பிட்டால் அதே பணம் இரண்டு வாரத்தில் முடியும். பொருள் சேவை வரி 2024-இலிருந்து 9 விழுக்காடு. உணவகங்களில் அதற்கு மேல் சேவைக் கட்டணமும் சேரும். ஞாயிற்றுக்கிழமை நம்மவர்கள் கூடும் தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) போவதையும் கணக்கில் எழுதுங்கள். நான் இளவயதில் இரண்டு ஆண்டுகள் ஜூரோங்கில் எட்டுப் பேரோடு ஓர் அறையில் தங்கி வேலை செய்தவன். வார நாள்களில் ஒவ்வொரு காசையும் எண்ணி வாழ்ந்துவிட்டு, ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் வாழையிலைச் சாப்பாடு, ஊருக்கு அனுப்பச் சட்டைத் துணி என்று ஒரே நடையில் இழந்தவன். அந்த நடையை நிறுத்தச் சொல்லவில்லை. அது இல்லாமல் அங்கே இருக்க முடியாது. மாதம் 150 வெள்ளி என்று அதற்கு ஓர் இடம் ஒதுக்கச் சொல்கிறேன்.

அறைக்கு 900, மின்சாரம் தண்ணீருக்கு 60, சாப்பாட்டுக்கு 500, பேருந்துக்கும் எம்ஆர்டி ரயிலுக்கும் 100, தொலைபேசிக்கு 20, ஊருக்கு வந்துபோக மாதச் சராசரி 80, ஞாயிறுக்கும் சில்லறைக்கும் 150, வரிக்கு 45. ஆக 1,855 வெள்ளி. 3,400-இல் மிஞ்சுவது 1,545, அதை 3.2-ஆல் பெருக்கினால் 4,944 ரிங்கிட்.

இதிலும் ஒரு பகுதி உங்கள் மகனுடையது அல்ல. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. எஸ் பாஸில் போகிறவரின் சம்பளத்தில் அதற்காகப் பிடித்தமும் இல்லை, முதலாளி போடும் பங்கும் இல்லை. முழுச் சம்பளம் கைக்கு வருகிறது என்று மகிழ்கிற இளைஞர்கள், அதனால் முதுமைக்கு ஒரு காசும் சேரவில்லை என்பதைப் பத்து ஆண்டுகள் கழித்தே உணர்கிறார்கள். இன்று ஈப்போவில் உங்கள் மகனின் பெயரில் ஊழியர் சேமநிதிக்கு அவர் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு என மாதம் 624 ரிங்கிட் போகிறது. வெளிநாடு போனதும் அது நின்றுவிடும். சேமநிதியில் சுய சந்தா செலுத்தும் வசதி இருக்கிறது, ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை செலுத்தலாம். மாதம் 624 ரிங்கிட்டை அங்கிருந்தபடியே செலுத்தினால்தான் அவர் இன்றைய நிலையிலாவது இருப்பார். அது போக மிஞ்சுவது 4,320 ரிங்கிட். உங்களுக்கு அனுப்புவதும் அவருக்கென்று சேர்ப்பதும் இதற்குள்தான்.

ஈப்போச் சம்பளத்தில் பிடித்தங்கள் போகக் கைக்கு வருவது 2,300-க்குச் சற்றுக் குறைவு. வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு மோட்டாரில் போய்வந்து, அதில் 1,200 அல்லது 1,300 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், சிங்கப்பூர் அவருக்கு மாதம் மூவாயிரம் ரிங்கிட் கூடுதலாகத் தருகிறது. இது சிறிய தொகை அல்ல. அதனால்தான் அனுப்பலாம் என்றேன். அறை 1,200 வெள்ளி ஆகி, நண்பர்களோடு வாரம் இரண்டு முறை வெளியே சாப்பிடத் தொடங்கினால் இந்த மூவாயிரம் ஆயிரத்து ஐந்நூறாகச் சுருங்க ஓர் ஆண்டுகூடத் தேவையில்லை. உங்கள் கணவர் கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

வரிக்கு 45 என்று நான் எழுதியதைத் தனியே கவனியுங்கள். நம் நாட்டைப் போல மாதந்தோறும் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கும் வழக்கம் அங்கே இல்லை. ஓர் ஆண்டு முழுக்க வேலை செய்து, மறு ஆண்டில் கணக்குக் காட்டிய பிறகு மொத்தமாகச் சீட்டு வரும். 3,400 வெள்ளிச் சம்பளத்துக்கு ஆண்டு வரி ஏறக்குறைய 540 வெள்ளி, தவணையிலும் கட்டலாம். இது தாங்கக்கூடியதுதான். ஆனால் சில மாதங்களிலேயே வேலையை விட்டு, 183 நாள்கூட நிறையாமல் திரும்பினால் உள்நாட்டுவாசிக்குரிய சலுகை விகிதம் கிடைக்காமல் 15 விழுக்காடு என்ற கணக்குக்குப் போக நேரலாம். வேலையை விடும்போது முதலாளி வரித்துறைக்கு ஒரு மாதம் முன்பே தெரிவித்து, வரி தீரும்வரை கொடுக்க வேண்டிய பணத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்பதும் சட்டம். கடைசி மாதச் சம்பளத்தை நம்பி ஊருக்கு வரப் பயணச்சீட்டு எடுத்தவர்கள் இதனால் தவித்திருக்கிறார்கள்.

முதல் மாதம் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அறைக்கு ஒரு மாத முன்பணம் 900, முதல் மாத வாடகை 900, ஓராண்டு ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை 43, முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு, போக்குவரத்து, மெத்தை விரிப்பு, வாளி என்று 700. ஆக 2,543 வெள்ளி, அதாவது எட்டாயிரம் ரிங்கிட்டுக்கு மேல். வீட்டு முகவர் வழியாகப் போனால் அவருக்கும் ஒரு தொகை. இந்த எட்டாயிரத்தை ஆலோங்கிடம் வாங்கிப் போகிற பையன், முதல் ஆறு மாதம் வட்டிக்காரனுக்காக உழைக்கிறான். கையில் இல்லையென்றால், முதல் ஆறு மாதம் மட்டும் ஒரு படுக்கை இடத்தில் தங்கட்டும். மாதம் 400, 500 வெள்ளிக்குள் முடியும். வசதியாக இருக்காது, ஆனால் கடனும் இருக்காது.

மருத்துவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ் பாஸ் ஊழியருக்கு ஆண்டுக்கு 60,000 வெள்ளிக்குக் குறையாத மருத்துவமனைக் காப்புறுதியை முதலாளியே எடுக்க வேண்டும் என்று 2023 ஜூலை முதல் விதி இருக்கிறது. ஆனால் காய்ச்சல், பல்வலி போன்றவை அதில் அடங்கா. இங்கே அரசாங்கச் சுகாதார நிலையத்தில் 1 ரிங்கிட்டில் முடிகிற வேலைக்கு அங்கே தனியார் மருந்தகத்தில் 30, 40 வெள்ளி ஆகும். பல்லைப் புறப்படுவதற்கு முன் இங்கேயே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பர் முதல் 3,300 வெள்ளி. வயது கூடக் கூட அந்த வரம்பும் கூடும். உங்கள் மகனுக்குத் தரும் 3,400 அந்த வரம்பின் ஓரத்தில் நிற்கிறது. அடுத்த புதுப்பிப்பில் சம்பளம் உயராவிட்டால் அனுமதி கிடைக்காமல் போகலாம். நேர்முகத்தில் இதைக் கேட்பது தவறல்ல.

கேள்வி: வாடகை இவ்வளவு என்றால், ஜொகூர் பாருவில் 600 ரிங்கிட்டுக்கு அறை எடுத்துத் தங்கி, தினமும் சிங்கப்பூருக்குப் போய்வந்தால் என்ன? என் நண்பர்கள் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கும் இதே அளவு சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது.
— ஓர் இளைஞர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, இலட்சக்கணக்கான மலேசியர்கள் அப்படிப் போய்வருகிறார்கள், ஆகவே முடியாது என்று சொல்ல மாட்டேன். 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுத்தான் மேல். தூரம் உங்களைக் களைப்படையச் செய்யாது. இரண்டு குடிநுழைவுச் சோதனையும் அவற்றின் வரிசையும் செய்யும். காலை எட்டு மணி வேலைக்கு நான்கரை மணிக்கு எழுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மனத்தை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் பாருங்கள். சிங்கப்பூரில் அறையும் மின்சாரமும் 960 வெள்ளி. ஜொகூர் பாருவில் 600 ரிங்கிட் என்பது 190 வெள்ளிக்குள். கூடுதல் போக்குவரத்தைக் கழித்தால் மாதம் ஏறக்குறைய 700 வெள்ளி மிச்சம். அதற்காக, அங்கேயே தங்குகிறவரைவிட நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் கூடுதலாகச் சாலையிலும் வரிசையிலும் நிற்பீர்கள். மாதம் 24 வேலை நாள் என்றால் 72 மணி நேரம். மணிக்கு 10 வெள்ளிக்கும் குறைவு. உங்கள் வேலையில் ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் வாங்குவதோ 17, 18 வெள்ளி. கூடுதல் நேர வேலை கிடைக்கிற தொழில் என்றால், அந்த 72 மணியில் பாதியை வேலையிடத்திலேயே செலவழிப்பது இலாபம். கூடுதல் நேரம் இல்லாத வேலை, மனைவி மக்கள் ஜொகூரில், பிள்ளைகளுக்கு அங்கே தமிழ்ப்பள்ளி என்றால் கணக்கு தலைகீழாக மாறும். அவர்களுக்குப் போய்வருவதே சரி.

மோட்டாரில் போவதைப் பற்றி ஒரு சொல். நாளொன்றுக்கு 4 வெள்ளி நுழைவுக் கட்டணம் பெரிதல்ல. ஆனால் இருட்டில், மழையில், தூக்கக் கலக்கத்தில் ஆயிரக்கணக்கான மோட்டார்களோடு முட்டிக்கொண்டு போவதற்கு நான் எந்த எண்ணையும் கணக்கில் போட விரும்பவில்லை. பேருந்து மெதுவானாலும் அதுவே நல்லது. ஜேபி சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஐந்தே நிமிடத்தில் போகும் தெப்ராவ் ரயில் ஒன்று இருக்கிறது, ஆனால் சீட்டுக் கிடைப்பது அரிது. அதன் கட்டணத்தைக் கேட்டால் இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே வரியில் புரிந்துவிடும்: போக 5 ரிங்கிட், திரும்பி வர 5 வெள்ளி.

புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு, 2026 இறுதியை இலக்காக வைத்து ஆர்டிஎஸ் ரயில் பாதை அமைக்கப்படுகிறது. புறப்படும் இடத்திலேயே இரு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடும் என்பதும், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை போகலாம் என்பதும் திட்டம். அது சரிவர ஓடத் தொடங்கினால் நான் மேலே போட்ட 72 மணி பாதியாகும். ஆனால் அப்போது ஜொகூர் பாருவில் 600 ரிங்கிட் அறை 600 ரிங்கிட்டாகவே இருக்குமா என்பதை வீட்டுக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும்.

மாதம் ஒரு முறை நம் ஊருக்கு வர, சிங்கப்பூருக்குள்ளேயே பேருந்து ஏறாதீர்கள். பாலத்தைத் தாண்டி லார்க்கின் நிலையத்துக்கு வந்து ஏறினால் ரிங்கிட்டில் சீட்டு வாங்கலாம். தீபாவளிக்கு மட்டும் இது செல்லாது. அப்போது எங்கே ஏறினாலும் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும்.

கேள்வி: உணவகச் சமையலறையில் உதவியாளர் வேலை, 1,900 வெள்ளி, ஓராண்டு ஒப்பந்தம் என்று ஒரு முகவர் சொல்கிறார். 9,000 ரிங்கிட் கேட்கிறார். “முதலில் சும்மா சுற்றிப் பார்க்கிறவரைப் போல நுழைந்து வேலையைத் தொடங்குங்கள், பெர்மிட் பின்னால் வரும்” என்கிறார். அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வைக்காதீர்கள். 1,900 வெள்ளி என்பதற்காக இதைச் சொல்லவில்லை. படுக்கை இடம், கடையிலேயே இரண்டு வேளைச் சாப்பாடு என்று அமைந்தால் அந்தச் சம்பளத்திலும் 800 வெள்ளி வரை மிஞ்சக்கூடும்; 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் இங்கே இருக்கிறவருக்கு அது முன்னேற்றம்தான். தங்குமிடமும் சாப்பாடும் இல்லை என்றால் போவதில் பொருளில்லை.

தவறு முகவரிடம் இருக்கிறது. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற வேலை முகவர், ஊழியரிடம் ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது. எத்தனை ஆண்டு ஒப்பந்தமானாலும் மொத்தம் இரண்டு மாதச் சம்பளமே உச்சம். உங்கள் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு அது 1,900 வெள்ளி, அதாவது 6,080 ரிங்கிட். அவர் கேட்பதோ 9,000. வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி கட்டும் லெவியை உங்கள் சம்பளத்தில் பிடிப்பதும் சட்டவிரோதம். “லெவி போக இவ்வளவு” என்று யாராவது பேசினால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். நாம் விசா இல்லாமல் உள்ளே நுழையலாம் என்பதால்தான் ‘முதலில் போ’ என்ற வலை நம்மவர்கள் மேல் வீசப்படுகிறது. செல்லத்தக்க அனுமதி இல்லாமல் வேலை செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டிக்கொள்பவர் நீங்கள், முகவர் அல்ல.

முறையான வேலை என்றால், நீங்கள் புறப்படுவதற்கு முன்பே சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் கொள்கையளவு அனுமதிக் கடிதம் வரும். அதில் உங்கள் பெயர், முதலாளியின் பெயர், அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அச்சிட்டிருக்கும். அமைச்சின் இணையத்தளத்தில் அது உண்மையானதா என்று நீங்களே சரிபார்க்கலாம். அடிப்படைச் சம்பளம் என்ற வரியில் 1,900 இருக்கிறதா, அல்லது 1,200-உம் கூடுதல் நேரமும் சேர்த்து 1,900 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கடிதத்தின் நகல் உங்கள் கைக்கு வரும்வரை அம்மாவின் நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.